வெள்ளைக்கும் ஒரு ஊசி

"நான் பஞ்சிங் பண்றவன்" என்று அந்த மனிதர் தன்னை அறிமுகம் செய்துகொண்டதும், புள்ளி ஓரடி பின்வாங்கி மேடத்தின் முதுகுக்குப் பின்னால் பத்திரமாகப் போய் நின்றுகொண்டான். அப்புறம்தான் ஆளை நிமிர்ந்து பார்த்தான். ஒல்லி உடம்பு, இறங்கிய தோள், மூக்கு நுனியில் தொங்கும் கண்ணாடி. இவர் யாரைக் குத்தினாலும் வலி இவருக்குத்தான்.

"யாரைண்ணே குத்துவீங்க?"

"துணியை, தம்பி." பஞ்சிங்காரர் சிரித்தார். "எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் போடறதுக்கு அப்படித்தான் பேரு. ஊசி எங்க குத்தணும், எந்த நூல் எப்ப வரணும்னு கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கறது. அதோ ஓடுது பாருங்க."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அந்த ஒரு மெஷினுக்குத்தான். வரிசையாக ஊசிகள், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நூல்கண்டு, கண்டுக்கு ஒரு நிறம். டகடகவென்று அது யாருடைய பள்ளிக்கூடச் சின்னத்தையோ தைத்துக்கொண்டிருக்க, மாடிப்படி வரைக்கும் அதிர்ந்தது. மேடம் படியேறுமுன் நின்று மெஷினை ஒரு பார்வை பார்த்தார்.

மேடம் அப்படித்தான். செத்தவர்களையே நம்பாத ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுள் வேலை பார்த்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். பேசுவது அவருக்குப் பிடிக்காது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கடவுள் புள்ளியை உதவியாளனாக அனுப்பியிருந்தார்.

மாடி அறையில் பஞ்சிங்காரரின் அக்கா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்திருந்தது. கண்கள் மட்டும் கடைக்கு வந்த ஆளை எடைபோடும் முதலாளியம்மாவின் கண்கள்.

"வாங்க. இந்த வீட்டுல எல்லாம் என் பேச்சைக் கேக்கும். இப்ப மூச்சு மட்டும்தான் கேக்கறதில்ல" என்றார். சொல்லி முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கியது.

"விஷயம் இதுதான் மேடம்." பஞ்சிங்காரர் இரண்டு பாட்டில்களை நீட்ட, புள்ளி வாங்கிக்கொண்டான். ஒன்று காலி, இன்னொன்றில் பாதி. "இதயத்துக்குக் குடுக்கற மருந்து. இந்தக் காலி பாட்டிலைக் குடிச்சப்ப அக்கா மாடிப்படி ஏறி இறங்குவாங்க. அடுத்த பாட்டிலை ஆரம்பிச்சதிலேர்ந்து படுத்த படுக்கை. தெருமுனை மருந்துக்கடையில நான்தான் வாங்கினேன். அவன் போலி மருந்து விக்கறான். நீங்க அதைக் கண்டுபிடிச்சு, எழுத்துல குடுக்கணும்."

"இப்ப என்ன குடுக்கறீங்க?" மேடம் கேட்டார்.

"நேத்தே வேற கடையில புது பாட்டில் வாங்கிட்டேன். தெரிஞ்சும் அதையே குடுப்பேனா?" அலமாரியைத் திறந்து காட்டினார். புது பாட்டில் இருந்தது. தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று புள்ளிக்குத் தோன்றியது. அவனுக்கும் ஒரு தம்பி உண்டு. போன் பண்ணினால் எடுக்க மாட்டான்.

"எந்திரிச்சதும் முதல் வேலை, கீழ இருக்கற மெஷினை விக்கறதுதான்" என்றார் அக்கா, கூரையைப் பார்த்தபடி. "ஆள் வந்து பாத்துட்டே போயாச்சு. இவனும் நாலு இடத்துல வேலை செஞ்சு பொழைப்பைக் கத்துக்கட்டும்."

"சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்று பஞ்சிங்காரர் சிரித்தார்.

அவர் டாக்டர் சீட்டைக் காட்ட மேடத்தை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். பகல் நேரத்து நர்ஸ் வெந்நீர் எடுக்கக் கீழே போயிருந்தாள். புள்ளி அக்காவோடு தனியாக நின்றான். நோயாளி இருக்கும் அறையில் சும்மா நிற்க அவனுக்கு வராது. எதிர்ச் சுவரில் நாலு கண்ணாடி போட்ட ஜன்னல் இருந்தது. வலப்பக்கம் கீழே இருந்த ஒன்றில் மட்டும் கண்ணாடிக்குப் பதில் அட்டையை ஆணி வைத்து அடித்திருந்தார்கள்.

"என்னக்கா, உங்க ஜன்னல் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு என்னையே பாக்குது?"

"போன மாசக் காத்துல போச்சு." அக்கா அவனைக் கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினார். குரல் இறங்கியது. "பாட்டில் மாறினாலும் ருசி மாறலடா. இனிக்குது. முன்னாடி வாயில வைக்க முடியாத கசப்பு."

"எனக்கும் அந்த மருந்தையே எழுதச் சொல்லுங்கக்கா."

அவர் சிரிக்கவில்லை. "கையில வெச்சிருக்கியே, அந்த லேபிள்ல எத்தனை கலர்னு எண்ணிப் பாரு. உன்னைப் பாத்தா எண்ணத் தெரிஞ்சவன் மாதிரி இருக்கே."

"அக்காவுக்கு எப்பவும் நூல் எண்ணற புத்திதான்." பஞ்சிங்காரர் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அக்கா பக்கத்தில் கிடந்த சின்ன வெண்கல மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மூச்சு முட்டினா இதை ஆட்டுவேன். இவன் ஓடி வருவான்" என்றார். எதற்காக அதைத் தன்னிடம் சொல்கிறார் என்று புள்ளிக்கு விளங்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் மேடம் பைக்குள்ளிருந்து லென்ஸை எடுத்தார். இரண்டு பாட்டில்களையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்த புள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெறும் கண்ணுக்கு இரண்டும் இரட்டைப்பிள்ளைகள். லென்ஸில், காலி பாட்டிலின் லேபிள் சுத்தமாக இருந்தது. பச்சை, சிவப்பு, மிச்சமெல்லாம் வெள்ளைத் தாள். மற்றதில் பச்சைக்குள் இன்னொரு பச்சை, எழுத்தின் ஓரத்தில் சேறு பூசிய மாதிரி ஒரு கோடு, மூலையில் என்னவோ ஒரு மங்கல் திட்டு.

"போட்டோ எடுத்து, அதை ட்ரேஸ் பண்ணி அடிச்சிருக்கான் மேடம். நான் ஸ்டிக்கர் கடையில குப்பை கொட்டினவன், எனக்குத் தெரியாதா?"

"புரியற மாதிரி சொல்லு."

"போட்டோன்னா புள்ளி புள்ளியா இருக்கும். பெருசு பண்ணா உதிரும். அதனால கம்ப்யூட்டர்கிட்ட குடுத்து, புள்ளியை எல்லாம் கோடா, வடிவமா மாத்தச் சொல்வோம். அது திருப்பி ஒரே ஒரு கேள்வி கேக்கும், எத்தனை கலர்னு. குழந்தைக்குப் பென்சில் குடுக்கற மாதிரிதான். மூணு பென்சில் குடுத்தா மரம், பூ, வானம்னு வரைஞ்சிட்டு எந்திரிச்சிடும். டப்பாவோட குடுத்தீங்கன்னா மரத்துல இருக்கற கொசுவுக்கும் தனிக் கலர் அடிக்கும். இவன் டப்பாவோட குடுத்திருக்கான்."

மேடம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புள்ளிக்கோ பெருமை தாங்கவில்லை. எடுத்த அன்றைக்கே முடிக்கிற கேஸ்! போனை எடுத்துப் பஞ்சிங்காரருக்கு அடித்தான்.

"அண்ணே, போலிதான். நூத்துக்கு நூறு. மேடம் நாளைக்கே எழுதிக் குடுத்துடுவாங்க."

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. "ரொம்ப நன்றி தம்பி. இனிமே நான் பாத்துக்கறேன்."

போனை வைத்ததும் மேடம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் உன்னைச் சொல்லச் சொன்னது?"

"பாவம் மேடம், தவிச்சுக்கிட்டிருக்காரு."

மேடம் லென்ஸைப் பைக்குள் போட்டு மூடினார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

இந்த மாதிரி பளபளப்பு லேபிளைக் கொஞ்சமாக அடித்துக் கொடுக்கும் மெஷின் அந்த வட்டாரத்தில் ஒரே கடையில்தான் உண்டு. புள்ளி நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்த கடை அது. அவனுக்குப் புள்ளி என்று பேர் வைத்ததும் அந்தக் கடையின் முதலாளிதான். பெரும்புள்ளி ஆவேன் என்று இவன் சவால் விட, முதலில் புள்ளியாக இரு என்று சொல்லிவிட்டாராம்.

போய்ச் சேர்ந்தபோது வானம் மூடிக்கொண்டு வந்தது. கடைக்குள் மையும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த பழைய வாசனை.

"அடேய், ஓடுகாலி! திரும்பி வந்துட்டியா?"

"பேரு சரியா சொல்லுங்க முதலாளி. இப்ப நான் துப்பறியும் புள்ளி."

மேடம் பேச்சை வளர விடவில்லை. பாட்டிலை மேஜையில் வைத்தார். "இது உங்க கடையில அடிச்சதா?"

முதலாளியின் முகம் வாடியது. "அடிச்சது நான்தான். ஆனா நான் மருந்துக்கு அடிக்கலம்மா. குறும்படம் எடுக்கறோம், அதுல வைக்கறதுக்குன்னு சொன்னான். ஹெல்மெட்டைக்கூட கழட்டல. மழைன்னு நினைச்சேன்."

"மழை பெஞ்சுதா?"

"இல்லம்மா" என்றார் முதலாளி, இப்போதுதான் யோசித்தவர் போல.

"எத்தனை ஷீட்?"

"ஒண்ணே ஒண்ணு. வெட்டினா ஒரு பத்து லேபிள் தேறும்."

"ஒண்ணுதானா? இதுக்குப் போய் ஹெல்மெட்டா?" என்றான் புள்ளி. "போலி மருந்து விக்கறவன் இப்படிக் கஞ்சனா இருந்தா எப்படி முன்னுக்கு வருவான்?"

மேடம் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போலி மருந்து விக்கறவன் மூட்டை மூட்டையா லேபிள் அடிப்பான், புள்ளி. ஒரே ஒரு ஷீட் அடிக்கறவனுக்கு ஒரே ஒரு நோயாளிதான்."

கடையில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் அந்த நேரம் பார்த்து நின்றது.

"அவன் குடுத்த ஃபைல் இருக்கா?"

இருந்தது. முதலாளி எதையும் அழிக்க மாட்டார், கல்யாண ஃபோட்டோவிலிருந்து கட்சி பேனர் வரை எல்லாம் கிடக்கும். புள்ளி பழைய நாற்காலியில் உட்கார்ந்து திறந்தான். திரை முழுக்க லேபிள் விரிந்தது. ஓரத்தில், பயன்படுத்திய நிறங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசை கட்டி நின்றன.

எண்ணிப் பாரு என்றாரே அக்கா. எண்ணினான்.

"பன்னெண்டு."

"அதுல என்ன?"

"அதுதான் மேடம் புரியல. ஸ்டிக்கர் வெட்டறவன் மூணு நாலு கலருக்கு மேல போக மாட்டான், ஒவ்வொரு கலருக்கும் ஒரு தாள் வெட்டணும். பேனர் அடிக்கறவன் கலரை எண்ணவே மாட்டான். பன்னெண்டுங்கறது எந்தக் கணக்கு? அதைவிட வேடிக்கை, இதைப் பாருங்க." ஒரு கட்டத்தைத் தொட்டான். லேபிளின் வெற்றிடமெல்லாம் மினுங்கியது. "வெள்ளை. இதையும் ஒரு கலரா வெச்சிருக்கான். ட்ரேஸ் பண்ணதும் நாங்க முதல்ல தூக்கிப் போடறதே வெள்ளையைத்தான். தாளே வெள்ளை, அதுமேல எதுக்கு வெள்ளை? அச்சு வேலை தெரிஞ்ச எவனும் இதைப் பண்ண மாட்டான்."

"வேற என்ன வேலை தெரிஞ்சவன் பண்ணுவான்?"

புள்ளி நிறக் கட்டங்களை மறுபடி பார்த்தான். வரிசையாக நின்ற ஊசிகளும், ஊசிக்கொரு கண்டாக நின்ற நூல்களும் கண்முன் வந்தன. வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளை நூலால் தைத்தே ஆக வேண்டிய தொழில்.

"அந்த மெஷின்ல ஊசி எத்தனைன்னு நான் எண்ணினேன்" என்றார் மேடம் நிதானமாக. "பன்னெண்டு."

"மேடம், ஊர்ல எம்ப்ராய்டரி மெஷின் ஒண்ணா ரெண்டா?" புள்ளியின் குரல் அவனுக்கே கெஞ்சுவது போல் கேட்டது. போனில் கேட்ட அந்த நீளமான மூச்சு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"அந்த மூலையில ஒரு திட்டு இருந்துதே. அது என்ன கலர்?"

"வெள்ளைக்கு அடுத்த வெளிறின நீலம். லேபிள் பளபளன்னு இருக்குல்ல, போட்டோ எடுக்கறப்ப வெளிச்சம் பட்டு அடிச்சிருக்கும். கலரைக் குறைச்சிருந்தா வெள்ளையோட கலந்து காணாமப் போயிருக்கும். பன்னெண்டு குடுத்ததால இதுக்கும் ஒரு கலர் ஒதுக்கிடுச்சு."

"அதை மட்டும் காட்டு."

புள்ளி மற்ற பதினொரு நிறங்களையும் மறைத்தான். பச்சை போனது, சிவப்பு போனது, எழுத்துகள் போயின. திரை கறுத்து, நடுவில் வெளிறிய நீலம் மட்டும் மிஞ்சியது. புள்ளி அதைப் பெரிதாக்கினான்.

மூன்று கட்டங்கள். மேலே இரண்டு, கீழே ஒன்று. பாட்டிலின் வளைவில் ஒடுங்கிப்போயிருந்தாலும் அது ஜன்னல் என்பதில் சந்தேகமே இல்லை. நாலாவது கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

புள்ளி திரையோடு மூக்கை ஒட்டிப் பார்த்தான். அப்புறம் புள்ளி துள்ளி எழுந்தான்.

"இல்ல மேடம்! அது இல்ல! அக்கா ரூம்ல அட்டை அடிச்சது வலப்பக்கம். இங்க இருட்டு இடப்பக்கம். இது வேற ஜன்னல். அப்பாடா!"

மேடம் தன் போனை, திரை அணைந்தபடியே, அவன் முகத்துக்கு எதிரே பிடித்தார். கறுப்புக் கண்ணாடியில் புள்ளியின் முகமும், அவனுக்குப் பின்னால் சுவரில் இருந்த கடைப் பலகையும் தெரிந்தன.

"உன் பின்னாடி இருக்கற எழுத்தைப் படி."

படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாகத் திரும்பி நின்றது.

"பாட்டிலும் கண்ணாடிதான், புள்ளி" என்றார் மேடம். "அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்னு, அக்கா கட்டில் பக்கத்துலயே வெச்சு எடுத்திருக்கான். போன மாசக் காத்துக்கு அப்புறம்."

புள்ளி உட்கார்ந்துவிட்டான். "புரியல மேடம். ஒரிஜினல் பாட்டில்தான் காலியா இருக்கே. அதுலயே சர்க்கரைத் தண்ணியை ஊத்தியிருந்தா யாருக்கும் தெரியாது. எதுக்கு வேலை மெனக்கெட்டு ஒரு போலி லேபிள்?"

"நாம கண்டுபிடிக்கறதுக்கு."

"என்னது?"

"அக்கா போனதும் யாராவது கேள்வி கேப்பாங்க. அப்ப கை காட்ட ஒரு மருந்துக்கடைக்காரன் வேணும். கடைக்காரன் போலி விக்கறான்னு சொல்ல ரெண்டு சாட்சி வேணும். விஷம் வைக்கல, புள்ளி. மருந்தை மட்டும் எடுத்துட்டான். மிச்சத்தை அந்த இதயமே பாத்துக்கும்." மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "அவனுக்கு ஒண்ணுதான் பாக்கி இருந்தது. போலின்னு நம்ம வாயால வரணும்."

வந்துவிட்டது. புள்ளியின் வாயால். நூற்றுக்கு நூறு என்று வேறு சொல்லியிருந்தான்.

ஆட்டோவில் ஏறியதும் மேடம் ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் பேசினார். புள்ளி பஞ்சிங்காரர் வீட்டு எண்ணை அடித்து அடித்துப் பார்த்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

தெருமுனை மருந்துக்கடையில் மேடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். மேடம் போனில் எடுத்து வைத்திருந்த டாக்டர் சீட்டின் படத்தைப் பார்த்ததுமே கடைக்காரர் சொன்னார்: "அந்த மெஷின் வீட்டு அக்காவுக்கா? போன மாசம் வாங்கவே வரலையே. வேற கடை மாத்திட்டாங்கன்னு நினைச்சேன்." மேடம் நடந்ததை நாலே வார்த்தையில் சொல்ல, கடைக்காரர் டாக்டருக்குப் போன் போட்டார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மேடம் காதால் கேட்டு, திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். யார் தலையில் கொலைப்பழி விழ இருந்ததோ, அவர் கொடுத்த பாட்டில் புள்ளியின் சட்டைப் பையில் ஏறியது.

தெரு பாதியில் நர்ஸ் எதிரே வந்தாள். தோளில் பை.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"அண்ணன் சீக்கிரமே போகச் சொல்லிட்டார். அக்காவுக்கு மூச்சு ரொம்பத் திணறுது, டாக்டரைக் கூப்பிட்டாச்சு, வந்துடுவார், நீ கிளம்புன்னு."

"டாக்டரோட இப்பதான் பேசினோம்" என்றார் மேடம். "அவரை யாரும் கூப்பிடல."

நர்ஸின் பை தோளிலிருந்து நழுவியது. மூன்று பேரும் ஓடினார்கள்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கேட்டதைவிட வேகமாக, காது அடைக்கிற மாதிரி. புள்ளி கடந்து போகும்போது திரும்பிப் பார்த்தான், பார்த்தவன் கால் ஒரு கணம் நின்றுவிட்டது. மெஷினில் துணி இல்லை. நூல் இல்லை. வெறும் சட்டத்தில் ஊசிகள் மட்டும் மாறி மாறி இறங்கி, ஒன்றுமில்லாததைத் தைத்துக்கொண்டிருந்தன.

மணிச் சத்தம் தெருவுக்குக் கேட்காமல் இருக்க இது ஒன்று போதும்.

மாடியில் அக்கா தலையணைகளில் சரிந்து கிடந்தார். வாய் திறந்து, மார்பு ஏறி ஏறி இறங்கியது. கையில் மணி. விரல்கள் இன்னும் அதை ஆட்டிக்கொண்டுதான் இருந்தன. கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நாற்காலியில் பஞ்சிங்காரர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் உட்காருவது போல.

"அட, வாங்க வாங்க!" பதறி எழுந்தார். "டாக்டர் வந்துக்கிட்டே இருக்கார்..."

புள்ளி அவரைத் தள்ளிக்கொண்டு கட்டிலுக்குப் போனான். நர்ஸ் அக்காவை நிமிர்த்திப் பிடிக்க, டாக்டர் சொன்ன அளவை ஸ்பூனில் ஊற்றினான். அவசரத்தில் கொஞ்சம் போர்வையில் சிந்தியது. மிச்சம் உள்ளே போனது.

"என்ன மருந்து அது? யாரைக் கேட்டுக் குடுக்கறீங்க?" பஞ்சிங்காரர் குரல் உயர்ந்தது. "அந்தக் கடைக்காரன்கிட்டயா வாங்கினீங்க? கொலைகாரன் மேடம் அவன்! நீங்களே போலின்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னோம்." மேடம் ஜன்னலோரம் சாவகாசமாக நின்றார். வழி தெரியாமல் கேட்கிற ஆளின் முகம். "நாளைக்கு எழுதிக் குடுக்கணுமே, ஒரே ஒரு சந்தேகம். படத்தை ட்ரேஸ் பண்ணா வெள்ளையைத் தூக்கிடணும்னு புள்ளி சொல்றான். உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியுமே. லேபிள்ல வெள்ளையை எதுக்கு ஒரு கலரா விட்டீங்க? எடுத்திருக்கலாமே?"

தொழில் பழகிய வாய்க்கு யோசிக்க நேரம் தேவையில்லை. வேலை கற்க வருகிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி அது.

"வெள்ளையை எடுத்துட்டா அடியில துணி தெரி..."

நின்றுவிட்டார். கீழே மெஷின் மட்டும் நிற்காமல் குத்திக்கொண்டிருந்தது.

"நான் எந்த லேபிள்னு சொல்லல" என்றார் மேடம். "'நான் பண்ணல'ன்னு நீங்களும் சொல்லல."

பஞ்சிங்காரர் வாசலைப் பார்த்தார். வாசலில் மேடம் வந்து நின்றுகொண்டார். அவர் ஒன்றும் பெரிய உடம்பல்ல. ஆனாலும் அந்த மனிதர் நகரவில்லை. பழையபடி நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. காற்றுதான் அதிகம், சொல் கொஞ்சம்.

"வெள்ளைக்கும் ஒரு ஊசி வேணும்டா... துணியை நம்பாதேன்னு... நான்தான் அவனுக்குக் கத்துக் குடுத்தேன்."

புள்ளி கட்டிலின் பக்கம் குனிந்தான். "தெரியுமாக்கா உங்களுக்கு? முதல்லயே?"

"லேபிளைப் பாத்த அன்னைக்கே. என் தம்பி கை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் குடிச்சீங்களா?"

அக்கா தம்பியின் குனிந்த தலையைப் பார்த்தார். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கக் கை எழவில்லை. "என் வாயால எப்படிடா சொல்றது... ஒரு நாளாவது ஸ்பூனைப் பின்னாடி இழுத்துப்பான்னு பாத்தேன். தினமும் பாத்தேன்."

நாற்காலியில் இருந்தவர் தலை தூக்கவே இல்லை.

நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மேடத்திடம் லேசாகத் தலையாட்டினாள். தூரத்தில் ஆம்புலன்ஸ் கத்துவது போலிருந்தது, மெஷின் சத்தத்தில் நிச்சயமாகத் தெரியவில்லை.

"கசக்குதாக்கா?" என்றான் புள்ளி. கேட்க அவனிடம் வேறு எதுவும் இல்லை.

"கசக்குது." நாக்கைச் சப்புக்கொட்டி, குழந்தை போல முகத்தைச் சுளித்தார். "நல்லாக் கசக்குது. போய் மெஷினை நிறுத்து. துணியில்லாம ஓடினா ஊசி வீணாப் போயிடும்."

புள்ளி இறங்கிப்போய் ஸ்விட்சை அணைத்தான். பன்னிரண்டு ஊசிகளும் அப்படி அப்படியே நின்றன. வீடு முழுக்க அமைதி வந்து நிறைந்தது. அந்த அமைதியில், மாடியிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், ஒரு வேலைக்காரப் பையனைக் கூப்பிடுகிற முதலாளியம்மாவின் மணி.

புள்ளி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.